கஞ்சாவா காரணம்? ஆய்வுகளைக் கேள்வி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல மருத்துவ முதுநிலை மாணவர்களோடு வாரம் ஒருமுறை ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து விவாதிப்பது என் வழக்கம். கஞ்சாவுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கட்டுரை வரும்போதெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது அவர்களுக்கே தெரியும் என்பதால் அதை இங்கே விளக்கப் போவதில்லை.

'காரணம்' என்ற கட்டத்தை நம்புவது

இந்த ஒரு தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனை நள்ளிரவில் அவனுடைய தந்தை அழைத்து வந்தார். பல நாட்களாக அவனுக்குத் தூக்கமில்லை. தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நடுங்கினான். "கஞ்சா அடிச்சு அடிச்சு இப்படி ஆயிட்டான் சார்" என்றார் தந்தை. கேஸ் ஷீட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'கஞ்சா' என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவனைப் பார்த்த மருத்துவர்கள் அனைவரும் அந்த அடிக்கோட்டைப் படித்தார்கள். கஞ்சாவை விட்டால் சரியாகிவிடும் என்று நம்பி, மருந்தைச் சீக்கிரமே நிறுத்தினார்கள். மூன்றாம் முறை சேர்க்கப்பட்டபோது அவனுடைய அக்கா ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அது அவனுடைய பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு. ஓரங்களில் பென்சிலால், எதிர்வீட்டு மாடியிலிருந்து தன்னைக் கண்காணிப்பவர்கள் வந்துபோகும் நேரங்களை வரிசையாகக் குறித்து வைத்திருந்தான். அவன் கஞ்சாவை முதன்முதலில் தொட்டதோ கல்லூரிக்குப் போன பிறகுதான்.

இதே கட்டம் இந்தியாவில் ஏற்கெனவே ஒருமுறை விசாரிக்கப்பட்டிருக்கிறது. கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்பதற்குக் காலனிய ஆட்சியில் பெரிய சான்றாக இருந்தவை மனநோய்க் காப்பகங்களின் புள்ளிவிவரங்கள். 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணை ஆணையம் அவற்றை அப்படியே ஏற்காமல், 1892இல் சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஆராய்ந்தது. 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சா, பாங் (கஞ்சா இலையிலிருந்து செய்யப்படுவது) போன்றவையே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. ஆராய்ந்து முடித்தபோது, அப்படிக் கருத ஓரளவேனும் இடமிருந்தவர்கள் 98 பேர்தான். கொண்டுவந்து சேர்த்த போலீசாருக்கு வேறு காரணம் தெரியாதபோது, ஆள் கஞ்சா புகைப்பவர் என்று யாராவது சொன்னாலே போதும், கட்டம் நிரம்பிவிட்டது. ஆணைய அறிக்கையின் அந்தப் பக்கங்களைப் படித்தபோது என் கையெழுத்தையே பார்த்ததுபோல் இருந்தது.

ஆகவே பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு எதுவானாலும், அந்தக் கட்டத்தை யார், எப்போது, யார் சொல்லக் கேட்டு நிரப்பினார்கள் என்று முதலில் பாருங்கள். டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஆய்வு, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயாளிகளில் கஞ்சா அடிமைத்தனத்தோடு தொடர்புபடுத்தக்கூடியவர்களின் பங்கு 1995இல் சுமார் 2 விழுக்காடாக இருந்து, 2010க்குப் பின் 8 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்ததாகக் காட்டுகிறது. அந்த உயர்வில் நோய் எவ்வளவு, மருத்துவர்கள் கஞ்சாவைப் பற்றிக் கேட்டு எழுதும் பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள்.

எது முந்தியது என்று பார்க்காதது

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் 26 வயதில் மனச்சிதைவை ஒத்த நோய் காணப்பட்டது. 11 வயதிலேயே இருந்த அறிகுறிகளைக் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கியது. 2002இல் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் பாதியை மட்டும் சொல்பவர்களே அதிகம்.

மடங்கைச் சொல்லி, அடிப்படையை விடுவது

ஆபத்து மூன்று மடங்கு என்று ஓர் ஆய்வு சொன்னால், எதன் மூன்று மடங்கு, கஞ்சாவைத் தொடாதவர்களில் எத்தனை பேருக்கு அந்த நோய் வருகிறது என்று கேளுங்கள்.

புகையிலையை மறப்பது

கஞ்சாவோடு பல நேரம் சேர்த்துப் புகைக்கப்படுவது அதுதான்; காணப்படும் விளைவில் அதன் பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

ஐயத்தையே பாதுகாப்புச் சான்றாக்குவது

மேலே சொன்னதையெல்லாம் கேட்ட மாணவர் ஒருவர், அண்ணனுக்கு மனச்சிதைவு உள்ள ஓர் இளைஞனிடம் கஞ்சாவால் ஒன்றும் ஆகாது என்ற பொருள்படப் பேசிவிட்டார். அன்று மாலையே அந்தக் குடும்பத்தை நான் திரும்ப அழைத்துப் பேச வேண்டியிருந்தது. நலமாக இருப்பவர்களுக்கு கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யை ஊசி வழியே செலுத்தினால், வீண் சந்தேகம் போன்ற மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) அறிகுறிகள் சிறிது நேரத்துக்குத் தோன்றுவதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் நேரடியாகவே காட்டியுள்ளார்கள். ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், தினமும் புகைப்பவர்களிடம் மனப்பிறழ்வு நோய்க்கான வாய்ப்பு ஒருபோதும் புகைக்காதவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் புகைத்தவர்களிடம் அது ஐந்து மடங்கை நெருங்கியது. இந்த எண்களையும் கேள்வி கேட்கலாம், ஆனால் அந்த இளைஞனின் உடலில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் உரிமை நமக்கில்லை.

என் மாணவர்கள் இப்போது 'காரணம்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதன் கீழே மூன்று தேதிகளை எழுதுகிறார்கள்: வீட்டில் இருப்பவர்கள் முதல் மாற்றத்தைக் கவனித்தது எப்போது, கஞ்சாவை முதலில் தொட்டது எப்போது, அது தினசரிப் பழக்கமானது எப்போது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் யார் என்றும் குறிக்கிறார்கள்.