பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வீட்டில் ஒரு விருந்து

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் முடிகிறது, முடிவு மே மாதம் வருகிறது. விருந்தை ஏப்ரலிலேயே வைத்துவிடுங்கள். 600-க்கு எவ்வளவு என்று எந்தப் பெரியப்பாவும் கேட்க வழியிருக்காது.

யாரை அழைப்பது என்பதைப் பிள்ளையிடமே விடுங்கள். என் மகள் முதலில் எழுதிய பெயர், அவளை ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கு ஏற்றிப்போன ஆட்டோ அண்ணன். வெள்ளை வேட்டியில் மனைவியோடு வந்தார். அவருக்குத்தான் முதல் இலை போட்டோம்.

மண்டபம் வேண்டாம், மொட்டை மாடி போதும். சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் தெளித்தால் தரைச் சூடு அடங்கும். பிரியாணிக்குக் கிலோ அரிசி பத்துப் பேருக்கு என்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகளென்றால் ஏழு பேருக்கே கணக்கு வையுங்கள். குடிக்க நுங்கு சர்பத்.

அப்புறம், எட்டு மணிக்குப் பெரியவர்கள் கீழே இறங்கிவிட வேண்டும். பழைய யூனிஃபார்ம் சட்டையையும் ஒரு மார்க்கர் பேனாவையும் மாடியில் வைத்துவிட்டு வாருங்கள். கையெழுத்துப் போடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.