நீட் மார்க்கை வைத்துப் பள்ளி தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் அது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி ரவுண்டானா வரைக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி, ஏழு பள்ளிகளின் பேனர்களை போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அவருடைய பெண் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து 500க்கு 438 எடுத்திருக்கிறாள். அங்கே பத்தோடு வகுப்பு முடிந்துவிடும், பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். "சார், இந்த ஏழுல நீட் மார்க் எதுல அதிகம்னு பார்த்துச் சொல்லுங்க. கடன் வாங்கியாவது சேர்த்துடறேன்" என்றார்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். மே மாதம் வந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது வந்துவிடுவார்கள். அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து அந்த ஏழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்போது பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வட்டிக்குக் கடன் வாங்கும் முடிவு ஒரு பேனரை நம்பி எடுக்கப்படக் கூடாது என்பதுதான் என் கவலை.

எத்தனை பேரில் என்று கேட்காமல் விடுவது

முதல் படத்தில் 24 முகங்கள். எல்லாருக்கும் நீட்டில் 720க்கு 500க்கு மேல். இன்னொன்றில் 9 முகங்கள்தான். பார்த்த உடனே 24 பெரிதாகத் தெரியும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் உயிரியல் குரூப்பில் 240 பேர், இரண்டாவதில் 45 பேர். அப்படியானால் முதல் பள்ளியில் பத்தில் ஒருவர், இரண்டாவதில் ஐந்தில் ஒருவர். பேனர் சொன்னது தலைகீழாகிவிட்டது. மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணை நான் எந்தப் பேனரிலும் பார்த்ததில்லை. மாம்பழக் கூடையில் மேல் அடுக்கைப் பார்த்து விலை பேசாமல், கையை உள்ளே விட்டு இரண்டு பழத்தை எடுத்துப் பார்க்கிற ஊர் நம்முடையது. பள்ளிக்கும் அதைச் செய்யலாம்.

இதே எண்ணிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 24 பேரும் அங்கே பிளஸ் டூ படித்தவர்கள்தானா? நிறைய பள்ளிகள் அதே வளாகத்தில் நீட் ரிப்பீட்டர் வகுப்பும் நடத்துகின்றன. வேறு எங்கேயோ பிளஸ் டூ முடித்து, மார்க் போதாமல் ஒரு வருஷம் முழுக்க நீட்டுக்கு மட்டும் படித்த பிள்ளைகளின் படமும் அதே பேனரில்தான் வரும். இவர்களின் பங்கு கொஞ்சநஞ்சமில்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தமிழக அரசிடம் கொடுத்த அறிக்கையின்படி, 2016-17இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் 12.47 சதவீதமாக இருந்த ரிப்பீட்டர்கள், 2020-21இல் 71.42 சதவீதம் ஆகிவிட்டார்கள். பத்துக்கு ஏழு பேர்! எங்களிடம் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி அதன் பிறகு ஒரு வருஷம் வெளியே கோச்சிங் போனாள். மறு வருஷம் அவள் படம் ஒரு பள்ளியின் பேனரில் இருந்தது. அந்தப் பள்ளியின் வகுப்பறையில் அவள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அவளுடைய அம்மாவே எனக்கு போன் செய்து வருத்தப்பட்டார்.

கோச்சிங் சென்டர் விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. ஜெயித்த மாணவரின் படத்தைப் போட்டால், அவர் எந்த கோர்ஸ் படித்தார், எவ்வளவு காலம் படித்தார், அதற்குப் பணம் கட்டினாரா என்பதையும் சொல்ல வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு அவருடைய சம்மதத்தை வாங்கித்தான் படத்தைப் போட வேண்டும். கோச்சிங் சென்டருக்கே இந்த விதி இருக்கும்போது, பள்ளியிடம் "இந்த 24 பேரில் இங்கேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்து முதல் முறையிலேயே இந்த மார்க் எடுத்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

'தேர்ச்சி' என்ற சொல்லை 'சீட்' என்று படிப்பது

மூன்றாவது படத்தில் "நீட் தேர்வில் 100 சதவீதம் தேர்ச்சி" என்று இருந்தது. 2025இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 144. ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113. அதற்கு முன்னால் 2022இல் பொதுப் பிரிவுக்கே 117தான். இந்த மார்க் எடுத்தால் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கும், அவ்வளவுதான். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் அதற்கு மேலே வெகுதூரத்தில் இருக்கிறது. தேர்ச்சிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, அரசு ஒதுக்கீட்டில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று மட்டும் கேளுங்கள்.

என்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வில் வருகிற பெர்சன்டைலும் இப்படித்தான் ஏமாற்றும். "95" என்று பார்த்தவுடன் நூற்றுக்கு 95 மார்க் என்று நினைத்துக்கொள்கிறோம். அது மார்க்கே இல்லை, எழுதியவர்களில் நூற்றுக்கு 95 பேர் அந்தப் பிள்ளைக்குச் சமமாகவோ பின்னாலோ இருக்கிறார்கள் என்று பொருள். தேர்வு எழுதுவது 10 லட்சம் பேருக்கும் மேல். அப்படியென்றால் குறைந்தது 50,000 பேர் முன்னால் நிற்கிறார்கள். 2025இல் ஐ.ஐ.டி.க்கான அடுத்த கட்டத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதுவதற்கே பொதுப் பிரிவில் 93.1 பெர்சன்டைல் தேவைப்பட்டது.

போன வருஷத்து மார்க்கோடு இந்த வருஷத்து மார்க்கை ஒப்பிடுவது

"இந்தப் பள்ளியில் 2024இல் டாப் 700, 2025இல் 610தான். தரம் இறங்கிவிட்டது போல" என்றார் அவர். அப்படிச் சொல்ல முடியாது. 2024இல் முதலில் 67 பேர் 720க்கு 720 எடுத்ததாக அறிவித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்திய முடிவு வந்தபோதும் 17 பேர் முழு மார்க்கில் இருந்தார்கள். 2025இல் இயற்பியல் பகுதி மிகக் கடினம். இந்தியாவிலேயே முதலாவதாக வந்தவருக்கு 686தான். நான் அந்த வினாத்தாளைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட நேரம் போதாமல் திணறியிருப்பார்கள். வருஷங்களுக்கு இடையே ஒப்பிட வேண்டுமானால் அகில இந்திய ரேங்க்கைப் பாருங்கள், இல்லாவிட்டால் அரசு இடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அதிலும் ஒரே ஒரு வருஷத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பத்துப் பேர் மட்டும் நீட் எழுதுகிற பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தாலே சராசரி சரிந்துவிடும். மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளியும்.

தேர்வு மையப் பட்டியலைப் பள்ளிப் பட்டியல் என்று நினைப்பது

இது சிறிய விஷயம். ஆனால் வாட்ஸ்ஆப்பில் இன்னமும் சுற்றுகிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி தேசியத் தேர்வு முகமை நீட் மார்க்குகளை ஊர்வாரியாக, மையவாரியாக வெளியிட்டது. மையங்கள் பெரும்பாலும் பள்ளிகளும் கல்லூரிகளும்தான். அதைப் பார்த்து "இந்த ஸ்கூல்ல இவ்வளவு பேர் 600க்கு மேல்" என்று யாரோ பட்டியல் போட்டுவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள் ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அந்தப் பட்டியலுக்கும் அங்கே நடக்கிற பாடத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

சேரும்போது பிள்ளை எங்கே இருந்தது என்பதை மறப்பது

எனக்கு மிகவும் மனசு வலிக்கிற இடம் இது. பத்தாம் வகுப்பில் 480க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் வடிகட்டிச் சேர்க்கும் ஒரு பள்ளி. 300 எடுத்தவனையும் "வா, உட்கார்" என்று சேர்த்துக்கொள்ளும் இன்னொரு பள்ளி. இரண்டு வருஷம் கழித்து இரண்டின் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது தெரியும்? பள்ளி நடத்திய பாடம் தெரியாது, சேர்க்கும்போது வைத்த வடிகட்டிதான் தெரியும்.

ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால், ஒரே மலையில் இரண்டு உலகங்கள். நூறு வருஷம் தாண்டிய உறைவிடப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. வெளியூர்களிலிருந்து, வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். அதே சேர்வராயன் மலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்து மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் படிப்பது இந்த மாதிரி பள்ளிகளில். காபித் தோட்டத்து வேலைக்குப் போகிற பெற்றோர், வீட்டில் பள்ளிப்படிப்பைப் பார்க்கிற முதல் ஆள் அந்தப் பிள்ளை. இந்த இரண்டையும் நீட் சராசரியை வைத்து வரிசைப்படுத்தினால் வரிசை சரியாக வரும், அதிலிருந்து ஒன்றும் தெரிய வராது. அந்தப் பிள்ளையைப் பிளஸ் டூ வரை இழுத்துப் பிடித்து உட்கார வைத்த ஆசிரியரின் உழைப்புக்கு அந்த வரிசையில் கட்டமே இல்லை.

சராசரியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. விரும்புகிற எல்லாரையும் எழுதச் சொல்லி ஊக்கப்படுத்துகிற பள்ளியின் சராசரி இறங்கும். நன்றாகப் படிக்கிற 15 பேரை மட்டும் எழுத வைக்கிற பள்ளியின் சராசரி ஏறும். பிளஸ் ஒன்னில் தடுமாறுகிற பிள்ளையிடம் "வேறு பள்ளி பாருங்கள்" என்று டி.சி. கொடுத்து அனுப்பினாலும் ஏறும். ஆகவே நான் அந்த அப்பாவிடம் எழுதிக் கொடுத்தது இரண்டே கேள்விகள். போன முறை பிளஸ் ஒன்னில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ தேர்வு எழுதினார்கள்? பத்தாவதில் 420, 440 எடுத்துச் சேர்ந்த பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள்? முதலிடம் வந்த பிள்ளையின் கதை அவருக்குத் தேவையில்லை. 438 எடுத்த தன் பெண்ணைப் போன்ற ஒரு பெண்ணை அந்தப் பள்ளி என்ன செய்தது என்பதுதான் தேவை.

பிள்ளைக்கு எந்தத் தேர்வு என்று பார்க்காமலே ஒப்பிடுவது

பேச்சு இவ்வளவு தூரம் போன பிறகுதான் நான் ஒன்று கேட்டேன். பெண்ணுக்கு என்ன படிக்க ஆசை? "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்னு சொல்லிட்டு இருக்கா சார்." அப்புறம் எதற்கு நீட் மார்க்? தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. 2007இலிருந்து பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று சுருக்கி 200க்கு கட் ஆஃப் போடுகிறார்கள். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் இதே கணக்குதான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. என்றால்தான் ஜே.இ.இ. வேண்டும். அவளுக்காகப் பள்ளி தேடும்போது பார்க்க வேண்டியது கணித ஆசிரியர் யார், எத்தனை வருஷமாக அங்கேயே இருக்கிறார் என்பதைத்தான்.

கடைசியாகச் சொன்னதுதான் அவரை எழுந்து நிற்க வைத்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இந்தப் பெண் ஆறிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளியில் படித்தவள். கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்த அன்றைக்கே அந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினாலும் போய்விடும். சேலத்தில் பழைய, நல்ல பெயருள்ள உதவி பெறும் பள்ளிகள் இருப்பதால் நிறைய பேர் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துவிடுகிறார்கள். சேர்ப்பதற்கு முன்னால் இதை ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த நஷ்டத்தைச் சொல்லி எந்தப் பேனரும் வராது. அதனாலேயே இதை நான் எல்லாரிடமும் இரண்டு முறை சொல்கிறேன்.

மறு வாரம் அவர் திரும்பி வந்தார். ஏழில் இரண்டு பள்ளிகளுக்குப் போயிருக்கிறார். ஒன்றில் "அந்தக் கணக்கெல்லாம் ஆபீஸ்ல இல்லைங்க" என்று சொல்லி கட்டண விவரத்தை நீட்டினார்கள். இன்னொன்றில் "அட்மிஷன் போட்டுட்டுப் பேசலாம்" என்றார்கள். மூன்றாவதாக, அவருடைய படங்களில் இல்லாத ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கிறார். தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்து வந்து விரலை வைத்து எண்ணிச் சொன்னாராம். பிளஸ் ஒன்னில் சேர்ந்தது 61 பேர், பிளஸ் டூ எழுதியது 58 பேர். கேட்காமலே மீதி மூன்று பேரைப் பற்றியும் சொன்னாராம். ஒரு பையன் ஐ.டி.ஐ. போய்விட்டான். ஒரு பெண் அப்பாவுக்கு வேலை மாறி ஓசூர் போய்விட்டாள். இன்னொரு பையன் அம்மாப்பேட்டையில் தறிக்குப் போகிறான், அவன் வீட்டுக்கு இதுவரை நாலு தடவை போய்க் கூப்பிட்டாயிற்று, வருகிற வாரம் மறுபடியும் போகிறோம் என்றாராம்.