ஆவணியில் கல்யாண நாளா? பாரிஸ் விருந்துக்கு முன் ஒரு குறிப்பு

நெல்லைப் பக்கம் ஆவணி முகூர்த்தத்தில் மணமுடித்தவர்கள் தங்கள் கல்யாண நாளைப் பாரிஸில் ஓர் உயர்தர உணவகத்தில் கொண்டாட விரும்பினால், ஆகஸ்டில் அங்கே பல உணவகங்கள் கோடை விடுமுறைக்காக மூடப்பட்டிருக்கும் என்பதையும், மற்ற மாதங்களிலும் ஞாயிறு, திங்களில் பல திறப்பதில்லை என்பதையும் முதலில் கவனிக்க வேண்டும்.

சைவக் குடும்பத்தார் முன்பதிவின்போதே முட்டை, மீன், இறைச்சிச் சாறு, ஜெலட்டின் ஆகியவை கூடாது என்று தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது; பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டே உறைய வைக்கிறார்கள் என்பதால், அதையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசைக்கு வந்தபின் சொன்னால் பெரும்பாலும் ஒரு சாலட்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு பதார்த்தமாக வரும் விருந்து மூன்று மணி நேரம்கூட நீளும். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டையே அரை மணி நேரத்தில் முடித்து இலையை மடிக்கிற நமக்கு அது சற்றுச் சோதனைதான். ஆகவே மதிய விருந்தைத் தேர்ந்தெடுங்கள். அதே சமையல், இரவைவிடப் பல இடங்களில் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கும். பிரான்சில் பட்டியல் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருப்பதால், தனியாக டிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம்.