கடலடிச் சேறும் பழைய காலநிலையும்: எங்கே தடுக்கி விழுகிறோம்?

பழைய காலநிலையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, கடல் தரையில் நீளக் குழாயை இறக்கி எடுக்கும் வண்டல் கோர், அதாவது உருளை வடிவ மாதிரி. மற்றொன்று, கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனிவிரிப்பைத் துளைத்து எடுக்கும் பனிக் கோர். இவற்றைப் படிக்கும்போது நடக்கும் தவறுகளில் நிறைய வயதுக் கணக்கிலேயே நடந்துவிடுகின்றன என்பது என் எண்ணம். வெப்பநிலை, பனியளவு எல்லாம் அப்புறம்தான்.

ஆழத்தைக் காலமாக மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். கரையை விட்டு வெகுதூரத்தில் உள்ள ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வண்டல் சேரும். பனியாறு நேராகக் கடலில் வந்து முடியும் ஃபியோர்டுகள் என்ற குறுகிய கடல்நுழைவுகளில், பனி முகப்புக்குப் பக்கத்தில், ஒரே ஆண்டில் பல சென்டிமீட்டர் சேர்ந்துவிடலாம். அந்தப் பனியாறு பின்வாங்கினால் அதே இடத்தில் வேகம் மளமளவென்று குறையும். இது தெரிந்திருந்தும், இரண்டு ஆழங்களுக்கு மட்டும் வயது கண்டுபிடித்து, நடுவில் நேர்கோடு இழுத்து, எல்லா அடுக்குகளுக்கும் அந்தக் கோட்டிலிருந்தே வயது கொடுத்துவிடுகிறோம். இடையில் ஒரு சரிவு நடந்திருந்தால் கணக்கு முழுக்கப் போச்சு. 1929ல் கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் அருகே நிலநடுக்கம் வந்தது. அது கிளப்பிவிட்ட சேற்று வெள்ளம், கடலடித் தந்திக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டே போனது. அப்படிப்பட்ட வெள்ளம் படியவைக்கும் தடித்த அடுக்குக்குக் காலம் என்று பார்த்தால் சில நாட்கள்தான். கோட்டின்படி பார்த்தால் பல ஆயிரம் ஆண்டுகள். கீழே பருமணல், மேலே போகப் போக நுண்மண் என்ற வரிசை தென்பட்டால், அந்த அடுக்கின் தடிமனைக் கழித்த பிறகே கணக்குப் போட வேண்டும். கோரை வெட்டுவதற்கு முன்பே எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கோரின் உச்சியை 'இன்று' என்று எடுத்துக்கொள்வதும் வழக்கமான தவறு. கனமான குழாய் வேகமாகத் தரையில் இறங்கும்போது, நீர்ச்சத்து மிகுந்த மேல் சேறு சிதறிப் போய்விடும். பல பத்து சென்டிமீட்டர்கூடக் காணாமல் போகலாம். மெதுவாக இறங்கும் மல்டிகோரர் என்ற கருவியில் பக்கத்திலேயே ஒரு சிறு மாதிரி எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கதிரியக்க ஈயம்-210 அளந்தாலும் தெரியும். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள்தான் என்பதால், உச்சியில் அது மிஞ்சியிருந்தால் அந்தச் சேறு கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் படிந்தது.

உச்சி பத்திரமாகக் கிடைத்தாலும் புழுக்களும் மற்ற உயிரினங்களும் மேலே உள்ள சுமார் பத்து சென்டிமீட்டரை ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு இரண்டு சென்டிமீட்டர் சேரும் இடத்தில், அது ஐயாயிரம் ஆண்டுகளின் கலவை. அங்கே எடுத்த கோரில் நூறாண்டு நீடித்த ஒரு குளிர்க் காலத்தைத் தேடுவது வீண் வேலை. சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி என்று நெருக்கமாக எடுத்தாலும் பலன் இல்லை, புள்ளிகள்தான் கூடும்.

கார்பன்-14 வயதிலும் இரண்டு மூன்று பொறிகள் உண்டு. கடல்நீரில் கரைந்துள்ள கார்பன் ஏற்கெனவே பழையது. அதனால் இன்று வாழும் சிப்பியின் ஓடுகூடச் சராசரியாகச் சுமார் நானூறு ஆண்டு வயது காட்டும். அண்டார்க்டிகாவைச் சுற்றி அது ஆயிரத்துக்கும் மேல். ஓடுகளே கிடைக்காத அண்டார்க்டிக் கண்டத்திட்டுகளில் (கரையை ஒட்டிய கடலடித் தரையில்) சேற்றில் உள்ள கரிமப் பொருளை மொத்தமாக எடுத்து வயது பார்ப்பார்கள். பனியாறு அரைத்துக் கொண்டுவந்த பழைய பாறையின் கார்பனும் அதில் கலந்திருக்கும். இன்று படிந்த சேறே பல ஆயிரம் ஆண்டு வயது காட்டும். சரி, அந்த உபரியைக் கீழே உள்ள எல்லா அடுக்குகளிலிருந்தும் கழித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பனி அருகில் இருந்த காலத்தில் பழைய கார்பன் அதிகம் வந்திருக்கும், விலகிய பின் குறைந்திருக்கும். ஆகவே ஒரே எண்ணைக் கழிப்பது முதல் தவறின் மேல் இரண்டாவதை ஏற்றுவதாகும். இன்னொன்று: இந்தத் துறையில் 'இன்றைக்கு முன்' என்றால் 1950க்கு முன் என்று பொருள். இதை மறந்தவர்கள் கடைசியில் சொல்லப்போகும் படத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி, ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள், அதாவது எடை மாறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள். ஆக்சிஜன்-18 கூடினால் கடல் குளிர்ந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடுவது இன்றும் நடக்கிறது. 1955ல் எமிலியானி என்ற ஆய்வாளர் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் வெப்பநிலை என்றே படித்தார். 1967ல் ஷாக்கிள்டன் என்ற இன்னொரு ஆய்வாளர், அதில் பெரும்பங்கு நிலத்தில் தேங்கிய பனியின் அளவு என்று காட்டினார். இலேசான ஆக்சிஜன்-16 பனிவிரிப்புகளில் போய் அடைபடுவதால், மிச்சமுள்ள கடலில் ஆக்சிஜன்-18 தானாகவே கூடிவிடும். எளிய சோதனை ஒன்று போதும். ஆழ்கடல் ஓடுகளில் பனியுகத்துக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் 1.7 பங்கு அளவில் இருக்கும். ஒரு டிகிரி குளிர்ச்சிக்கு அது ஏறக்குறைய 0.25 பங்கு கூடும். முழுவதும் வெப்பநிலை என்றால் ஆழ்கடல் ஏழு டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஆழ்கடல் நீர் இப்போதே ஒன்றிரண்டு டிகிரியில் இருக்கிறது. கடல்நீரோ மைனஸ் 1.8க்குப் பக்கத்தில் உறைந்துவிடும். ஏழு டிகிரிக்கு எங்கே போவது? அதே ஓட்டின் மக்னீசியம்-கால்சியம் விகிதத்தை வைத்து வெப்பநிலையைத் தனியாகப் பிரிக்கலாம். ஆனால் ஆழத்தில் ஓடு கரையத் தொடங்கினால் மக்னீசியம் முதலில் போய்விடும். அந்த அளவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

2005ல் லிசீக்கி, ரேமோ என்ற இரு ஆய்வாளர்கள் 57 இடங்களின் ஐசோடோப் பதிவுகளை இணைத்து, 53 லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு பொது அளவுகோல் உண்டாக்கினார்கள். அதன் வயதுகளில் பெரும்பகுதி பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு பொருத்தி அமைக்கப்பட்டவை. ஆகவே உங்கள் கோரை அதனோடு பொருத்திவிட்டு, 'சுற்றுப்பாதைதான் காலநிலையை மாற்றுகிறது என்று என் கோர் நிரூபிக்கிறது' என்று எழுதக்கூடாது. உள்ளே வைத்ததை வெளியே எடுப்பதுதான் அது. பொருத்தும் முறையே தவறு என்று சொல்ல வரவில்லை. பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் திரும்பியது 7,30,000 ஆண்டுகளுக்கு முன் என்று எல்லோரும் நம்பியபோது, இந்த முறைதான் அது 7,80,000க்குப் பக்கம் என்றது. அப்புறம் எரிமலைப் பாறைகளில் ஆர்கானை அளந்து கண்ட வயதுகள் அதையே உறுதிசெய்தன.

குளிர்ப் பகுதி ஆழ்கடல் சேற்றில் அங்கங்கே கிடக்கும் பருமணலும் கூழாங்கல்லும், சேற்று வெள்ளத்தால் வராதவை என்றால், பெரும்பாலும் பனியின் வேலை. பனியாற்றிலிருந்து உடைந்து மிதந்துவரும் பனிப்பாறைகள் உருகும்போது அவை கீழே விழுகின்றன. 1988ல் ஹைன்ரிஷ் என்ற ஆய்வாளர் வட அட்லாண்டிக்கில் இத்தகைய அடுக்குகளை விவரித்தார். பலவற்றில் கனடாவின் ஹட்சன் நீரிணைப் பக்கத்துச் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. கல் கூடினால் பனி அதிகம் உடைந்தது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். கடல் குளிர்ந்திருந்தாலும் பனிப்பாறைகள் உருகாமல் தொலைவுக்கு வந்து சேரும்; கடல் வெப்பமானால் கற்களை ஃபியோர்டிலேயே கொட்டிவிடும். சதவீதமும் ஏமாற்றும். ஓடுகள் குறைந்தாலே கற்களின் சதவீதம் ஏறிவிடும், வந்த கல்லின் அளவு மாறாதபோதும். அதனால் ஆண்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். அதற்கும் நல்ல வயதுக் கணக்கு வேண்டும்.

பனிக் கோரில் வேறு சிக்கல். விழுந்த பனி ஐம்பது, நூறு மீட்டர் ஆழம் போகும்வரை அதன் துளைகள் திறந்தே இருக்கும், காற்று வந்துபோகும். அதற்குப் பிறகுதான் குமிழ்கள் மூடிக்கொள்ளும். ஆகவே ஒரே துண்டில் பனிக்கு ஒரு வயது, உள்ளிருக்கும் காற்றுக்கு அதைவிடக் குறைந்த வயது. பனிப்பொழிவு மிகக் குறைந்த, அண்டார்க்டிகாவின் வோஸ்டாக்கில் இந்த இடைவெளி சில ஆயிரம் ஆண்டுகள். வெப்பநிலையைப் பனியிலிருந்தும் கார்பன் டைஆக்சைடைக் காற்றிலிருந்தும் எடுப்பதால், எது முந்தியது என்ற கேள்வியே இந்த இடைவெளியைச் சரியாகக் கணிப்பதில் தொங்குகிறது. 2003ல் ஒரு குழு, குமிழுக்குள்ளேயே இருக்கும் ஆர்கானை வைத்து, சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பமேற்றத்தில் கார்பன் டைஆக்சைடு ஏறக்குறைய 800 ஆண்டு பிந்தியது என்றது. அப்படியானால் கார்பன் டைஆக்சைடுக்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். ஆனால் அது அண்டார்க்டிகாவின் வெப்பநிலை, உலகத்தினுடையது அன்று. 2012ல் உலகின் 80 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கடைசிப் பனியுகத்தின் முடிவில் உலகச் சராசரி வெப்பநிலை பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடுக்குப் பின்னால்தான் ஏறியது.

ஓர் இடத்தை உலகமாக்கும் இதே தவறு, கிரீன்லாந்தின் ஜிஸ்ப்-2 கோர் வரைபடமாக இணையத்தில் ஓயாமல் சுற்றுகிறது. பல ஆயிரம் ஆண்டுகளாக இப்போதைவிட வெப்பம் அதிகம் என்று காட்டும் படம் அது. அதன் கடைசிப் புள்ளி 1950க்கு 95 ஆண்டு முன், அதாவது 1855. அதற்குப் பிறகு நடந்த வெப்பமேற்றம் படத்திலேயே இல்லை. அந்தப் படம் மறுபடி கண்ணில் பட்டால், முதலில் காலக்கோடு எந்த ஆண்டில் நிற்கிறது என்று பாருங்கள். வலது ஓரத்தை மட்டும் பார்த்தால் போதாது, சிலர் காலத்தை வலமிருந்து இடமாகவும் வரைகிறார்கள்.