மருத்துவத் தரவுத்தளங்களில் தேடலைத் திட்டமிடுவது எப்படி? எலிக்காய்ச்சலை முன்வைத்து ஒரு செய்முறை

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இருபுறமும் மழை வலுத்தால் எலிக்காய்ச்சல் பயமும் கூடவே வந்துவிடுகிறது. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்வோருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுப்பது நோயைத் தடுக்கிறதா என்பதை ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொள்ள விரும்பும் மார்த்தாண்டம், பாறசாலைப் பகுதிச் செவிலியர் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கணினியைத் திறக்காமல், ஒரு தாளில் கேள்வியை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, என்ன விளைவு. இதைத்தான் பைக்கோ முறை என்கிறார்கள்.

அடுத்த படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நான்கு பகுதிகளையும் தேடல் பெட்டியில் இட வேண்டியதில்லை, இடவும் கூடாது. நோய், மருந்து ஆகிய இரண்டை மட்டும் கொண்டு தொடங்குங்கள். காரணம் இருக்கிறது. இந்த மருந்தின் தடுப்பாற்றலைச் சோதித்த முக்கியமான ஆய்வு ஒன்று, பனாமாவில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்டு 1984இல் வெளிவந்தது. ‘விவசாயத் தொழிலாளர்’ என்றோ ‘கேரளம்’ என்றோ ஒரு சொல்லைச் சேர்த்த உடனே அந்த ஆய்வு உங்கள் வலையிலிருந்து நழுவிவிடும். அந்த முடிவு நம் வயல்வேலைக்காரருக்குப் பொருந்துமா என்பதைக் கட்டுரையைப் படித்து நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தேடல் பெட்டி தீர்மானிக்கக் கூடாது.

இனி ஒவ்வொரு கருத்துக்கும் மாற்றுச் சொற்களைத் திரட்டுங்கள். பப்மெட் என்னும் இலவச மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் கட்டுரைகளுக்கு இடப்படும் பொருள் தலைப்புகளை மெஷ் என்பார்கள். எலிக்காய்ச்சலின் மருத்துவப் பெயரான ‘லெப்டோஸ்பைரோசிஸ்’ என்ற மெஷ் தலைப்பில் தேடினால், அந்நோயின் கடுமையான வடிவமாக அதன் கீழுள்ள ‘வீல் டிசீஸ்’ தானாகவே சேர்ந்து வரும். ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் தலைப்பு கிடையாது. ஆகவே தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சொற்களையும் தேட வேண்டும். சொல்லின் வேர்ப்பகுதியை எழுதி நட்சத்திரக் குறி இட்டால் (லெப்டோஸ்பைர்*) லெப்டோஸ்பைரா, லெப்டோஸ்பைரோசிஸ், லெப்டோஸ்பைரல் மூன்றும் கிடைக்கும். தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்தில்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கருத்தின் மாற்றுச் சொற்களை ‘ஆர்’ (OR) கொண்டும், வெவ்வேறு கருத்துகளை ‘ஆண்ட்’ (AND) கொண்டும் இணையுங்கள். அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள். பப்மெட் இடமிருந்து வலமாகவே படித்துச் செல்லும் என்பதால், ‘டாக்சிசைக்ளின் ஆண்ட் லெப்டோஸ்பைரோசிஸ் ஆர் வீல் டிசீஸ்’ என்று அடைப்பின்றி எழுதினால், மருந்தோடு தொடர்பே இல்லாத வீல் டிசீஸ் கட்டுரைகள் அத்தனையும் வந்து குவியும். நோயின் பெயர்கள் இரண்டையும் ஒரே அடைப்புக்குள் வைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அதன் பிறகும் படித்து முடிக்க இயலாத அளவுக்குக் கட்டுரைகள் வந்தால் மட்டும், தடுப்பைக் குறிக்கும் சொற்களை மூன்றாவது அடைப்பாகச் சேருங்கள். அங்கே ‘ப்ரொஃபிலாக்சிஸ்’ (நோய்த்தடுப்பு) என்பதன் வேர்ப்பகுதி போதாது. ‘கீமோப்ரொஃபிலாக்சிஸ்’ (மருந்தால் தடுப்பது) வேறு எழுத்தில் தொடங்குவதால் அதைத் தனியே எழுத வேண்டும்.

இப்போது சோதனை. அந்தப் பனாமா ஆய்வும், அந்தமானில் நடந்து 2000இல் வெளியான ஆய்வும் உங்கள் முடிவுகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டுரையின் தலைப்பையும் மெஷ் பட்டியலையும் திறந்து, எந்தச் சொல் விடுபட்டது என்று கண்டுபிடித்துத் திருத்துங்கள். தேடலின் தரத்தை அறிய இதைவிட நம்பகமான வழி தொடக்க நிலையில் இல்லை.

பப்மெட் மட்டும் போதாது. மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பான காக்ரேன் நூலகத்தையும், கல்லூரி நூலகம் சந்தா கட்டியிருந்தால் செவிலியர் துறைக்குரிய சினால் தளத்தையும், எம்பேஸ் என்னும் மருத்துவத் தரவுத்தளத்தையும் பாருங்கள். காக்ரேன் நூலகத்திலும் மெஷ் உண்டு என்றாலும் சினால், எம்பேஸ் ஆகியவற்றின் பொருள் தலைப்புகள் வேறு, தேடல் வரியை எழுதும் முறையும் தளத்துக்குத் தளம் மாறும் என்பதால் தேடல் வரியை அப்படியே ஒட்டாமல் அந்தந்தத் தளத்துக்கு ஏற்ப மாற்றி எழுதுங்கள்.

தளத்தின் பெயர், தேடிய நாள், முழுத் தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள். பப்மெட்டில் மை என்.சி.பி.ஐ. என்னும் இலவசக் கணக்கில் தேடலைச் சேமித்து மின்னஞ்சல் அறிவிப்பையும் தேர்ந்தெடுத்தால், புதிய கட்டுரைகள் சேரும்போது மின்னஞ்சலில் தகவல் வந்து சேரும்.