வரிக்குப் பயந்து எடுக்கும் முடிவுகள்

ஜூலை பிறந்தால் கீழக்கரையில் என் வீட்டுத் திண்ணைக்கு வரிக் கணக்கு எழுத ஆட்கள் வந்துவிடுவார்கள். கையில் காசு குறைவாக இருக்கும்வரை வரி என்பது பெரிய மனிதர்களின் தலைவலி. காசு சேர்ந்ததும் அதுவே முதல் கவலையாகி, வீடு, மனை, பயணம் எல்லாவற்றையும் அந்தக் கவலையே முடிவு செய்கிறது. இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வசதியானவர்களின் தவறுக்கு விலை கூடுதல்.

மனை வாங்குவதையே பாருங்கள். 40 லட்சத்துக்குப் பேசிய மனையை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பான 15 லட்சத்துக்குப் பதிவு செய்வது இங்கே கெட்டிக்காரத்தனம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம்; ரொக்கமாகக் கொடுத்து மறைத்த 25 லட்சத்துக்கு 2.25 லட்சம் மிச்சம். சில ஆண்டுகள் கழித்து 50 லட்சத்துக்கு விற்கும்போது, வாங்குபவர் வங்கிக் கடனில் வருகிறார், முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறுகிறது. உண்மை லாபம் 10 லட்சம். காகிதத்தில் 35 லட்சம். 12.5 சதவீத வரியில் 1.25 லட்சம் கட்ட வேண்டியவர் 4,37,500 கட்டுகிறார், வரியின் மேல் போடும் செஸ் தனி. முதலில் விற்றவரும் தப்பவில்லை: நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இன்னொருவர் இருபது ஆண்டாகத் துபாயில் இருப்பவர். ஊருக்கு வந்து 168 நாள் ஆனது. 182 ஆகிவிட்டால் துபாய்ச் சம்பளத்துக்கும் இங்கே வரி என்று யாரோ சொல்ல, வாப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்னால் விமானம் ஏறிவிட்டார். உண்மையில், முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கில் இருந்தவர் 182 நாளைத் தாண்டினாலும், ‘சாதாரண வசிப்பாளர் அல்லாதவர்’ என்றே கருதப்படுவார். அப்படிப்பட்டவர் துபாயில் வேலை செய்து அங்கேயே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அந்தக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்).

அடுத்த வரி அடுக்குக்குப் போனால் மொத்த வருமானத்துக்கும் கூடுதல் வரி என்று பயந்து, வரும் வேலையைத் தள்ளுபவர்களும் உண்டு. அடுக்கைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் அந்த விகிதம். டீசல் செலவாகுமே என்று மீன்பாடுள்ள நாளில் எவரும் படகைக் கட்டிப்போடுவதில்லை.

மண்டபத்திலிருந்து வந்த விசைப்படகுக்காரரின் கதை நேர்மாறு. “12 லட்சம் வரை வரி இல்லையே, கணக்கு எதற்கு அண்ணே?” என்றார். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் வரி இல்லைதான். ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். புது எஞ்சினுக்குக் கடன் கேட்டபோது வங்கி முதலில் கேட்டதும் அந்தத் தாக்கல் ரசீதைத்தான். செலவு பில்கள் எங்கே என்றேன். படகிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். உப்புத்தண்ணீர் பட்டு, பாதிக்கு மேல் எழுத்தே தெரியவில்லை.