சம்பளத்துக்கு முந்தைய நாள் இருப்பைப் பாருங்கள்

சம்பளம் வருவதற்கு முந்தைய நாள் இரவு வங்கிக் கணக்கில் என்ன மிச்சம் என்று பாருங்கள். அதிலிருந்து கிரெடிட் கார்டு பாக்கி (இன்னும் பில் வராததும் சேர்த்து), மளிகைக் கடைக் கணக்கு, கைமாற்று எல்லாவற்றையும் கழித்து, வரும் தொகையைக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். வரவு செலவு நோட்டு எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு, குடும்பக் கணக்கு எப்படிப் போகிறது என்று தெரிய இந்த ஒரு எண் போதும்.

ஒன்றாம் தேதி இருப்பு எல்லோருக்கும் தெம்பாகத்தான் தெரியும். முந்தைய நாள் இருப்புதான் அந்த மாதச் செலவெல்லாம் போக நிஜமாக நின்றது. கணக்கில் 9,000 ரூபாய் இருக்கிறது, கார்டில் 14,000 பாக்கி என்றால் உங்கள் எண் மைனஸ் 5,000. அதாவது அடுத்த மாதச் சம்பளத்தில் இப்போதே கை வைத்தாகிவிட்டது. கழிக்காமல் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. ஆர்.டி., சீட்டு கட்டிய பணம் செலவில்லை, அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். நகையை அடகு வைத்து வாங்கிய பணம் இருப்பில் இருந்தால், அது வருமானம் இல்லை, கடன்தான்; கழித்துவிடுங்கள்.

பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன், அப்புறம் தீபாவளி மாதம், இவற்றை முந்தைய மாதத்தோடு ஒப்பிட வேண்டாம்; போன வருடம் அதே மாதத்தோடு பாருங்கள். கடை வைத்திருப்பவர்கள், தினக்கூலிக்குப் போகிறவர்கள், விவசாயிகளுக்கு இது ஒத்துவராது. சம்பள நாள் என்று ஒன்று இருந்தால்தான் இந்தக் கணக்கு.